அட்வான்ஸ் என்னிடம்தான் இருக்கிறது: வளைவுக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். கமிட்டியில் இருக்கும் பெரியவர்களுக்கும் அண்ணன்மாருக்கும், நோட்டீஸ் அடித்த தம்பிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நேரில் நீங்கள் ஒன்பது பேர், நான் ஒருவன், டீ வருவதற்குள் பேச்சு தேர்தல் பக்கம் போய்விடும். அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கே.

போன வாரம் உங்களில் நாலு பேர் கடைக்கு வந்து, பாலக்காடு ஜில்லாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற நம் ஊரில், கொழிஞ்சாம்பாறை ரோட்டில் கட்டப்போகும் வரவேற்பு வளைவுக்கான வாசகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். அட்வான்ஸ் இரண்டாயிரம் கொடுத்தீர்கள். எழுத்து ஒவ்வொன்றும் ஒன்றரை அடி இருக்கணும், பஸ்ஸில் வருகிறவனுக்கும் தெரியணும் என்றீர்கள். எல்லாம் சரி. சீட்டில் தமிழ் வரி இப்படி இருந்தது: 'சித்தர்கள் வாழ்ந்த சித்தூர் மண் தங்களை வரவேற்கிறது'. அதற்குக் கீழே மலையாள வரி. அதில் சித்தர் யாரும் இல்லை, வெறுமனே 'சிற்றூரிலேக்கு ஸ்வாகதம்'.

ஒரே சீட்டு, ஒரே பேனா, ஒரே ஊர். மேலே சித்தூர், கீழே சிற்றூர். இதை எழுதினவர் கண்ணில் இது படவே இல்லையா?

நான் முப்பத்தொரு வருசமாகப் போர்டு எழுதுகிறவன். பிளெக்ஸ் வந்த பிறகு பாதி வேலை போய்விட்டது என்றாலும் கை இன்னும் போகவில்லை. எந்தப் போர்டாக இருந்தாலும் முதலில் நூலில் சாக்பொடி தடவிக் கோடு அடித்துவிட்டு, மலையாள வரியை முதலில் எழுதுவது என் பழக்கம், வளைசல் அதிகம், இடம் பிடிக்கும். அப்படித்தான் அன்றைக்கு ராத்திரியும் ஒரு பழைய பிளைவுட் பலகையில் மாதிரி எழுத உட்கார்ந்தேன். மலையாள 'ற' எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், இரண்டு கால் ஊன்றிய ஒரு சின்ன வளைவு. 'ற்ற' எழுத வேண்டுமென்றால் அதே வளைவு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். சிற்றூரின் நடுவில் அது நிற்கிறது, கோபுர வாசல் மாதிரி. அதை எழுதி முடித்து, பிரஷ்ஷைக் கழுவி, நீலத்தில் தொட்டுத் தமிழ் வரிக்கு வந்தேன். 'சி' போட்டாச்சு. அடுத்து 'த்' போட வேண்டும். கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையாளத்தில் இரண்டு 'ற' அடுக்கினால் வருவது நம் 'ற்ற'தான். எழுத்துக்கு எழுத்து அதுவே. உச்சரிப்பு மட்டும் நம் பள்ளிக்கூட உச்சரிப்பு இல்லை: நுனிநாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில் ஒட்டி, ஒரே அழுத்தமாக அழுத்திவிட்டு எடுப்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களும் 'ற்ற'வை அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த ஓசையை ஆங்கிலத்தில் எழுத வந்தவர்கள் 'டி' (t) எழுத்து இரண்டைப் போட்டு எழுதினார்கள், வேறு என்ன செய்வார்கள். அந்த இரண்டு 'டி'யைப் பார்த்து யாரோ ஒரு தமிழ்க்காரர் 'த்த' என்று திருப்பி எழுதினார். பிறகு பஸ் போர்டு, பேப்பர் என்று எல்லா இடத்திலும் அதுவே நின்றுவிட்டது. கீழே மலையாளத்தில் சரியாக எழுதியிருக்கிற பேரைப் பார்த்து எழுதியிருந்தாலே போதும், ஆனால் நாம் பக்கத்து வீட்டைப் பார்க்காமல் சீமையைப் பார்த்து எழுதினோம்.

நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம், அதையும் மறைக்கக் கூடாது. நாம் 'காற்று' என்று எழுதிவிட்டு 'காத்து' என்று சொல்கிறவர்கள். நேற்று நேத்து, நாற்று நாத்து, ஆற்றிலே ஆத்துல. அந்தக் கணக்கில் சிற்றூர் வாயில் சித்தூர் ஆவதில் ஒரு தப்பும் இல்லை. அதுவும் தவிர, இந்த 'சிறு' என்கிற சொல் உயிரெழுத்துக்கு முன்னால் வரும்போது 'சிற்று' என்று இரட்டிக்கும், பிறகு பேச்சில் 'சித்து' ஆகும், அப்படி ஆகி ஆகி எழுத்திலேயே நிலைத்துவிட்ட சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயே ஒரு டஜன் இருக்கின்றன. சிற்றப்பன்தான் சித்தப்பா. சித்தியும் அதே வழி. கொத்தனாருக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கிற சித்தாள் யார் என்று நினைக்கிறீர்கள், சிற்றாள். கடிக்கிற சித்தெறும்பு, சிற்றெறும்பு. நாட்டு மருந்துக் கடையில் சளிக்குக் கேட்டு வாங்குகிற சித்தரத்தை, சிற்றரத்தை; அதற்கு ஜோடி பேரரத்தை. சிற்றாமுட்டி பேராமுட்டியும் அப்படித்தான். 'சித்த இருங்க, வந்துடறேன்' என்று ஒரு மணி நேரம் நிற்க வைக்கிறோமே, அந்தச் 'சித்த'வும் என் காதுக்கு இந்தக் குடும்பம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. சித்தரத்தையைச் சித்தர்கள் கண்டுபிடித்ததால் அந்தப் பேர் வந்தது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பார்த்தால் பேரரத்தையை யார் கண்டுபிடித்தது, பேரரா? சித்தாள் எந்த மலையில் தவம் செய்தாள்? அதே தவறைத்தான் நீங்கள் ஒன்றரை அடி எழுத்தில் செய்யச் சொல்கிறீர்கள்.

என் வாதத்துக்கு ஆதாரம் கேட்பீர்கள். கேட்க வேண்டும். ஆதாரம் உங்கள் சீட்டிலேயே இருக்கிறது, அந்த மலையாள வரி. மலையாளிகள் வடமொழிச் சொல்லை எழுதும்போது அதன் ஓசையை விட மாட்டார்கள். சித்தர் என்பதை அவர்கள் 'ஸித்தன்' என்று, ஸ-வும் போட்டு, த-வில் கனமான ஓசைக்குத் தனி எழுத்தும் போட்டுத்தான் எழுதுவார்கள். சித்திரம் என்றாலும், மனசைக் குறிக்கிற சித்தம் என்றாலும் 'த'தான் வரும். நம் ஊருக்கு மட்டும் 'ற்ற'. அந்த எழுத்து வடமொழிச் சொல்லில் வரவே வராது. சித்தர் பேரில் ஊர் அமைந்திருந்தால் மலையாளத்தில் இந்த எழுத்து வந்திருக்க வழியே இல்லை. அவர்கள் சிற்றப்பன், சிற்றம்ம, சிற்றரத்த என்று எழுதுகிற அதே எழுத்தில்தான் நம் ஊரையும் எழுதுகிறார்கள். இன்னொன்று, இது ஒரே ஓர் ஊராக இருந்தாலாவது சித்தர் வந்து உட்கார்ந்தார் என்று சொல்லலாம். எர்ணாகுளத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. பத்தனம்திட்டையில் ஒரு சிற்றாறு இருக்கிறது, தென்காசியில் ஓடுவது ஒரு சிற்றாறு, கன்னியாகுமரியில் அணை கட்டியது ஒரு சிற்றாறு. அத்தனை இடத்திலும் சித்தரா? போகருக்குப் பழனி, திருமூலருக்குச் சிதம்பரம் என்று மரபில் இடம் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் நம் ஊர் எங்கே என்று கமிட்டியில் யாரோ ஒரு பையன் கேட்டதாகவும், அவனை அதட்டி உட்கார வைத்ததாகவும் கேள்விப்பட்டேன். அவனுக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

ஆந்திரத்துச் சித்தூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு அதனால் ஒரு நஷ்டமே வந்திருக்கிறது. சில வருசங்களுக்கு முன் மதுரையிலிருந்து ஒரு செட் பிரஷ் வரவழைத்தேன், அனுப்பியவர் தமிழில் 'சித்தூர்' என்று மட்டும் எழுதிவிட்டார், பின்கோடு ஒரு இலக்கம் அழிந்துபோயிற்று. கூரியர்க்காரர்கள் நேராக ஆந்திராவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பின்கோடு 517-இல் ஆரம்பிக்கும், நமக்கு 678. பதினொரு நாள் கழித்து, மூலை நசுங்கி, மேலே தெலுங்கில் ஏதோ கிறுக்கி வந்து சேர்ந்தது. அன்றைக்குக் கோபமாக இருந்தது. அப்புறம் யோசித்தால் அந்தப் பார்சல் போனதும் சிற்றூருக்குத்தான். அங்கேயும் சிறு ஊர்தான் சித்தூர் ஆகியிருக்கிறது. தெலுங்கிலும் சித்தருக்கு ஸ-வும் கனத்த எழுத்தும் உண்டு, கடப்பைப் பக்கம் சித்தவடம் என்று ஓர் ஊரை அப்படித்தான் எழுதுகிறார்கள். சித்தூருக்கு 'ச'வும் 'த்த'வும் மட்டும். அதுவும் எல்லை ஊர்தான். 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவுக்குத் தலைநகரமாக இருந்து, அந்த வருசம் தனி ஜில்லாவாகி, 1953-இல் ஆந்திரத்தோடு போனது. அந்த ஜில்லாவிலிருந்து திருத்தணி 1960-இல் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. நம் சிற்றூரோ கொச்சி ராஜாவின் தாலுக்காவாக, சுற்றிலும் வெள்ளைக்காரன் ஆண்ட மதராஸ் மாகாணம் இருக்க நடுவில் தனித் தீவு மாதிரி இருந்து, 1956-இல் கேரளத்தில் சேர்ந்தது. இரண்டுமே 'சின்ன ஊர்' என்ற பேரோடு பெரிய கைகளில் மாறி மாறிப் போன ஊர்கள்.

இனி இந்தச் சொல்லைப் பற்றியே கொஞ்சம். உங்களில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், 'சின்ன ஊர் என்று நாமே வளைவு கட்டி எழுதினால் கேவலம் இல்லையா' என்றார். இதுதான் உண்மையான பிரச்சினை என்று எனக்குத் தோன்றுகிறது, சித்தர் எல்லாம் பிறகு வந்த சால்ஜாப்பு.

சிறு என்கிற சொல்லுக்கு நம் பக்கத்தில் கெட்ட பேர் சேர்ந்துவிட்டது. சிறுபுத்தி, சின்னத்தனம், சில்லறைத்தனம், சிறுமைப்படுத்துதல் என்று திட்டுகிற இடத்தில் எல்லாம் அதைக் கூப்பிடுகிறோம். ஆனால் அதே சொல்லில்தான் சிறுவன், சிறுமி, சிறார், சிறுகாலை. சிறுதானியம் இப்போது கிலோ எவ்வளவு விற்கிறது என்று பாருங்கள், சின்ன என்பதால் யாரும் குறைத்துக் கொடுப்பதில்லை. சின்ன வெங்காயம் சில மாதம் பெரிய வெங்காயத்தை எட்டி உதைக்கிற விலையில் நிற்கிறது. என் சித்தப்பாதான் எனக்கு பிரஷ் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர், எங்கள் அப்பாவைவிட அரை அடி உயரம், ஏணி இல்லாமலே கடை முகப்பில் எழுதுவார். அவரைச் சிற்றப்பா ஆக்கியது வயசு. சைஸ் இல்லை.

பழைய தமிழில் இந்தச் சொல்லுக்குக் கூச்சமே இல்லை. சிறு ஊர் சேர்ந்தால் சிற்றூர் என்றும் வரும், முதல் எழுத்து நீண்டு சீறூர் என்றும் வரும். சங்கப் பாட்டில் சீறூர் மன்னன் என்று ஒருவன் வருவான், ஊர் சின்னது, ஆனாலும் பெரிய அரசர்களுக்குப் பணியாதவன். மலைப்பக்கத்து ஊர்களுக்குச் சிறுகுடி என்றே பேர். பாணர்கள் கையில் வைத்திருந்தது சீறியாழ், சிறிய யாழ். அந்தச் சிறிய யாழ்க்காரர்களின் பேரிலேயே பத்துப்பாட்டில் ஒரு பாட்டு, சிறுபாணாற்றுப்படை. பெண்ணின் பாதத்தைப் புகழ வேண்டுமென்றால் சீறடி என்பார்கள். இதே முதல் எழுத்து நீளும் விதிதான் பெரு ஊரைப் பேரூர் ஆக்கியது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் பேரூர், நொய்யல் கரை, பட்டீசுவரர் கோயில். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் சிற்றூர், சோகநாசினி ஆற்றங்கரை. நடுவில் ஒரு எல்லைக்கோடு. இரண்டு பேரையும் ஒரே வாய்தான் வைத்திருக்கும் என்று தோன்றும் எனக்கு. பேரூர்க்காரர்கள் தங்கள் ஊரை மாற்றிச் சொல்வதில்லை, நமக்கு மட்டும் என்ன அவசரம்?

மலையாளிகளைப் பாருங்கள், அவர்களுக்கும் இந்தக் கூச்சம் இல்லை. உயிரெழுத்து வராத இடத்தில் அவர்கள் 'சிறு'வைச் 'செறு' என்பார்கள். பாசிப்பயறு அவர்களுக்குச் செறுபயறு, எலுமிச்சை செறுநாரங்ங, சிறுகதை செறுகத, நோன்புப் பெருநாள் செறிய பெருநாள். கதகளி சொல்லித் தருகிற கலாமண்டலம் இருக்கிற இடம் செறுதுருத்தி. இடுக்கியில் அணை கட்டிய இடம் செறுதோணி, அதாவது சிறு தோணி. அவ்வளவு பெரிய அணைக்குச் சின்னத் தோணி என்று பேர், யாரும் வெட்கப்படவில்லை. கொச்சி என்கிற பேரே 'கொச்சு அழி', சின்னக் கழிமுகம், என்பதிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கொழிஞ்சாம்பாறை காய்கறிக் கடையில் நின்று பாருங்கள்: ஒரு சேச்சி 'செறிய உள்ளி அரைக் கிலோ' என்பார், பின்னாலேயே நம் அக்கா 'சின்ன வெங்காயம் அரைக் கிலோ' என்பார், கடைக்காரர் இரண்டு பேருக்கும் ஒரே கூடையில் கைவிட்டு அள்ளுவார், மிச்சம் கொடுக்க இரண்டு பேரிடமும் 'சில்லற இல்லையா' என்பார். அந்தச் சில்லறை மலையாளத்திலும் சில்லறதான், தெலுங்கில் சில்லர.

கன்னடம் பேசுகிற நெசவாளர் குடும்பத்து நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் வீட்டில் சித்தப்பாவைச் சிக்கப்பா என்பார்கள், சிக்க என்றால் சின்ன. ஆனால் கன்னடத்திலேயே இன்னொரு சொல்லும் இருக்கிறது, 'கிரு'. சுண்டுவிரலுக்குக் கிருபெரளு, புன்னகைக்குக் கிருநகெ, வயதில் இளையவர் கிரிய. நம் சிறுவும் அந்தக் கிருவும் ஒன்றேதான். நம் செவி அவர்களுக்குக் கிவி, நம் சேரி அவர்களுக்குக் கேரி. இகரம் எகரத்துக்கு முன்னால் இருந்த பழைய ககரம் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் சகரம் ஆகிவிட்டது, கன்னடம் மட்டும் பழையதை அப்படியே வைத்திருக்கிறது. பர்ரோ, எமனோ என்று இரண்டு பேர் 1961-இல் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இந்தச் சொற்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் புன்னகை சிருநவ்வு, நொறுக்குத்தீனி சிருதிண்டி. ஆக, நீங்கள் கேவலம் என்று தூக்கிப்போடப் பார்க்கும் சொல் நாலு மொழிக்கும் பொதுச் சொத்து, நமக்கு முன்னாலிருந்தே இருப்பது. சித்தர் வடமொழியிலிருந்து வந்தவர், எல்லை ஊர்க்காரன் நான் அதற்காகக் குறை சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தவரை உட்கார வைக்கலாம், வீட்டுக்காரரை எழுப்பிவிட்டு உட்கார வைக்கக் கூடாது.

ஒலி ஒன்றாக இருந்தால் சொல்லும் ஒன்று என்று முடிவு கட்டுவது எல்லாருக்கும் வருகிற வியாதி. அன்றைக்கு டீ குடிக்கும்போது ஒரு தம்பி, ஆங்கில 'சிட்டி' நம் சிற்றூரிலிருந்து போனது, 'சீட்டா' நம் சிறுத்தையிலிருந்து போனது என்றான். தம்பி, சிட்டி லத்தீன்காரன் சொத்து. சீட்டா இந்தி வழியாகப் போனது, வடமொழியில் புள்ளி போட்டது என்ற பொருளில் வரும் சித்ரக என்பதிலிருந்து. சிறுத்தையில் சிறு இருப்பது உண்மை, புலியைவிடச் சிறியது, தெலுங்கிலும் சிருத. ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அதே மாதிரி இன்னொருவர், சின்ன என்பதே சமஸ்கிருதத்தில் 'வெட்டுப்பட்டது' என்று பொருள், சின்னாபின்னம் என்கிறோமே என்றார். சின்னாபின்னத்தில் இருப்பது அந்த வடமொழிச் சொல்தான், வெட்டுண்டு பிளந்து என்று பொருள். தேர்தலில் போடுகிற சின்னம் இன்னொரு வடமொழிச் சொல், அடையாளம் என்று பொருள். நம் சின்னத் தம்பியும் தெலுங்கில் சின்னோடும் அந்த இரண்டு வீட்டிலும் பிறந்தவர்கள் இல்லை. மறையூர் போகும்போது வருகிற சின்னாறு வெட்டுப்பட்ட ஆறா? சின்ன ஆறு, அவ்வளவுதான்.

நாம் மட்டும்தான் பேரைத் தொலைத்தோம் என்று நினைக்க வேண்டாம், மலையாளப் பக்கமும் ஒன்று தொலைத்திருக்கிறார்கள். சிறுவாணி. அணை நம் பாலக்காடு ஜில்லாவில், தண்ணீர் கோயம்புத்தூருக்கு. தமிழில் எழுதினால் அந்தப் பேரில் 'சிறு' கண்ணில் அடிக்கிறது. மலையாள போர்டில் அதைச் சாதா 'ர' போட்டு, முன்னால் 'ச'வுக்குப் பதில் வடமொழிச் 'ஶ'வைப் போட்டு எழுதிவிட்டார்கள். செறு எங்கே போனது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நாம் அவர்கள் பேரைப் பார்த்து ஊரைத் திருத்திக்கொள்வோம், அவர்கள் நம் பேரைப் பார்த்து ஆற்றைத் திருத்திக்கொள்ளட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதற்கு இந்த அளவாவது பிரயோஜனம் வேண்டாமா?

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் விட மனசில்லை. அரசாங்கக் காகிதத்தில் நாம் யார்? மொழிச் சிறுபான்மையினர். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழருக்கும் கன்னடருக்கும் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று இடம் இருக்கிறது, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நாம் தமிழில் மனு எழுதுகிறோம். மலையாளத்தில் சிறுபான்மைக்கு 'நியூனபக்ஷம்' என்கிறார்கள். நியூனம் என்றால் குறைவு, நியூனத என்றால் குறைபாடு. தமிழில் சிறுபான்மை. உரைக்காரர்கள் இலக்கணத்தில் 'பெரும்பான்மை இப்படி வரும், சிறுபான்மை அப்படியும் வரும்' என்று எழுதுவார்களே, அந்தச் சொல். குறை என்று அர்த்தமே இல்லை, எண்ணிக்கை கம்மி, அவ்வளவுதான். எனக்குக் குறைவானவன் என்பதைவிடச் சிறியவன் என்பது மேல். அந்தச் சொல்லையும் கேவலம் என்று ஆக்கிவிட்டால் மனுவில் என்ன போடுவீர்கள், சித்தபான்மை என்றா?

சின்ன ஊர் என்றால் சின்னதாகவே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. தாத்தமங்கலத்தோடு சேர்ந்து முனிசிபாலிட்டி, தாலுக்கா ஆபீஸ், 1947-இல் ஆரம்பித்த அரசுக் கல்லூரி, அதில் தமிழ்த் துறை, இதெல்லாம் வந்த பிறகும் பேர் சிற்றூர்தான். வளர்ந்து பேரன் எடுத்த பிறகும் சின்னச்சாமி சின்னச்சாமிதானே.

இவ்வளவும் சொன்ன பிறகு என் நிபந்தனைக்கு வருகிறேன். நான் பிடிவாதக்காரன் இல்லை. ஊரில் எல்லாரும் சொல்வது சித்தூர், பஸ்ஸிலும் அதுதான், அதனால் அதுவே இருக்கட்டும் என்று கமிட்டி முடிவு செய்தால் எழுதிக் கொடுத்துவிடுவேன், சித்தப்பாவைச் சிற்றப்பா என்று யாரும் கூப்பிடாத மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் 'சித்தர்கள் வாழ்ந்த' என்ற இரண்டு சொல்லை எழுத மாட்டேன். நோட்டீஸில் போட்டது போட்டதாகப் போகட்டும், நாலு மழையில் நனைந்து கிழிந்துவிடும். வளைவு கான்கிரீட். நாளைக்கு ஒரு குழந்தை பஸ் ஜன்னலில் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லும், வாத்தியார் வினாத்தாளில் போடுவார், அதற்குப் பிறகு யார் அழிப்பது?

என்னைக் கேட்டால் சிற்றூர் என்றே எழுதலாம். செலவுக் கணக்கும் போட்டுவிட்டேன், ஏனென்றால் கடைசியில் நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள். சித்தூருக்கு நாலு எழுத்து. சிற்றூருக்கும் நாலு எழுத்து. புள்ளிகூட அதே எண்ணிக்கை. ஸ்டீலில் வெட்டினாலும் பெயிண்டில் எழுதினாலும் ஒரு ரூபாய் கூடாது. 'சித்தர்கள் வாழ்ந்த' போனால் பத்து எழுத்து மிச்சம், அந்த இடத்தில் வேண்டுமானால் மீதி எழுத்துகளை இன்னும் மூன்று அங்குலம் உயர்த்திக்கொள்ளலாம், வேலந்தாவளம் வழியாக வருகிற லாரிக்காரனுக்கும் தெரியும்.

பிளைவுட் பலகையில் இரண்டு மாதிரியும் எழுதி, கடைக்குள் இடது பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். மேலே மலையாளம், கீழே தமிழ், இரட்டை வளைவுக்கு நேர் கீழே 'ற்' வருகிற மாதிரி அளந்து எழுதியது ஒன்று. உங்கள் சீட்டில் இருந்தபடி பாதியில் நின்றது ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடையில்தான் இருப்பேன். ஒன்பது பேரும் வாருங்கள், அந்தக் கேள்வி கேட்ட பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் அட்வான்ஸ் கல்லாவில் தனிக் கவரில் இருக்கிறது, நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு, நீங்கள் கொடுத்தது கொடுத்தபடி. பெயிண்டுக்கு மட்டும் காசு கேட்க மாட்டேன், 'சி' ஒரு எழுத்துதான் போட்டிருக்கிறேன், அது இரண்டு பேருக்கும் பொது.

இப்படிக்கு,
போர்டு எழுதுகிறவன்,
சிற்றூர் தாலுக்கா